மணலுக்கும் வேலி தேவையா?

காற்று ஒரே இரவில் வாகனத் தடங்களை அழித்துவிடுகின்ற மணற் குன்றுகளில் வாகனங்களை ஏன் தடை செய்ய வேண்டும்? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மெக்சிகோ எல்லைக்கு அருகேயுள்ள அல்கோடோன்ஸ் மணற் குன்றுகள் தொடர்பில் நீண்டகாலமாகக் கேட்கப்படும் கேள்வி இது.

40 மைல்களுக்கும் அதிக நீளமான இப்பிரதேசத்தில் சில குன்றுகள் 300 அடி வரை உயர்ந்தவை. குளிர்காலத்தில் மணலில் ஓடும் வாகனங்களுடன் இலட்சக்கணக்கானோர் இங்கு வருகின்றனர். அவர்களை நம்பி வியாபாரம் செய்வோரும் உள்ளனர். எனவே முழுமையாக மூடுவது இலகுவானதல்ல.

1994 இல் நிறைவேற்றப்பட்ட கலிபோர்னியா பாலைவனப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு ஒரு வழி கண்டது. குன்றுகளை ஊடறுத்துச் செல்லும் 78 ஆம் இலக்க நெடுஞ்சாலைக்கு வடக்கே சுமார் 26,000 ஏக்கர் வனாந்தரப் பாதுகாப்புப் பகுதியானது. அங்கு இயந்திர வாகனம் எதுவும் நுழைய முடியாது. ஆனால் மனிதருக்குத் தடையில்லை. நடந்தோ குதிரையிலோ செல்லலாம். தெற்கே பெரும்பகுதி வாகனங்களுக்குத் திறந்திருக்கின்றது.

இனி, அந்தக் கேள்விக்கு வருவோம். காற்று தடத்தை அழிப்பது உண்மைதான். ஆனால் நசுங்கிய செடியை அது மீட்டுத் தருவதில்லை. அமெரிக்காவில் இக்குன்றுகளில் மாத்திரமே வளரும் பியர்சன் பால்வெட்ச் எனும் செடியின் விதைகள் மணலுக்குள் மழைக்காகக் காத்திருக்கின்றன. முளைத்த கன்று சில்லில் அகப்பட்டால், அது பின்னர் தரவிருந்த விதைகளும் இல்லாமல் போகின்றன. வெயிலுக்கும் எதிரிக்கும் அஞ்சி மணலுக்குள் புதைந்திருக்கும் பல்லியை ஓட்டுநரால் காணவே முடியாது.

1998 இல் இச்செடி அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவிக்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டு வழக்கொன்றின் இணக்கப்பாட்டின்படி, வனாந்தரப் பகுதிக்கு வெளியிலும் சுமார் 49,000 ஏக்கர் தற்காலிகமாக மூடப்பட்டது. 2013 ஆம் ஆண்டுத் திட்டம் அதில் பெரும்பகுதியைத் திறந்து, செடியின் முக்கிய வாழிடங்களை மாத்திரம் மூடியே வைத்தது.

இரு தரப்பும் முழுத் திருப்தி அடையவில்லை. எனினும் ஒன்று தெளிவாகின்றது: வாகனத்துக்கு வேறு மணல் இருக்கின்றது, அந்தச் செடிக்கு இல்லை. எல்லை எங்கே என்று விவாதிக்கலாம். எல்லையே வேண்டாம் என்பதுதான் நியாயமற்றது.