விடியற்கால ஏலத்துக்கு எந்த ஓட்டலில் தங்குவது?

சேற்று நண்டு வாங்குவது கண்ணும் விரலும் சேர்ந்து செய்யும் வேலை. கொடுக்குகளைக் கயிற்றால் இறுகக் கட்டி, ஈரச் சாக்கில் வைத்திருக்கும் நண்டை ஒவ்வொன்றாக எடுத்து, ஓட்டை அடிப்பக்கமாக அழுத்திப் பார்க்க வேண்டும். கெட்டியாக இருந்தால் சதைப் பிடிப்பான நண்டு. அமுங்கினால் தோல் உரித்து அதிக நாள் ஆகாத தண்ணீர் நண்டு. அதற்குப் பாதி விலைகூடத் தேறாது. பழவேற்காடு ஏரிக்கரையில் தோணிரேவு போன்ற ஊர்களுக்கு வெளியூரிலிருந்து கொள்முதலுக்கு வருகிறவர், இதை விடியற்காலையில், அரைகுறை வெளிச்சத்தில் செய்தாக வேண்டும். முந்தைய இரவு அவர் எங்கே தூங்கினார், எத்தனை மணிக்கு எழுந்து கிளம்பினார் என்பதெல்லாம் அந்த நேரத்தில் அவர் விரலில் தெரிந்துவிடும்.

அறை வாடகையில் ஐந்நூறு ரூபாய் மிச்சம் என்று சென்னை விமான நிலையத்துப் பக்கம் தங்கியவர், மூன்று மணிக்கே காரில் ஏறியிருப்பார். மிச்சம் பிடித்த ஐந்நூறு, ஒரு கூடை தண்ணீர் நண்டில் போய்விடும்.

தொழில் பயணத்துக்கு ஓட்டல் தேடும்போது பெரும்பாலோர் பார்ப்பது இரண்டே விஷயம்: பலகையில் இருக்கும் பெயர், அதன் கீழே இருக்கும் வாடகை. தோணிரேவிலிருந்து பார்த்தால் இரண்டுமே பாதிக் கதைதான் சொல்கின்றன.

இந்த ஊரின் பெயரிலேயே இரண்டு மொழி இருக்கிறது. தோணி தமிழ். ரேவு என்றால் தெலுங்கில் துறை. ஏரியும் அப்படித்தான், தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலுமாகப் பரந்து கிடக்கிறது. தொழில் நிமித்தம் வெளியூர்க்காரர்கள் இங்கே வந்து தங்குவதும் புதிதல்ல. டச்சுக்காரர்கள் 1613-இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை, இங்கிருந்துதான் சோழமண்டலக் கரையின் துணி வணிகத்தை நடத்தினார்கள். இன்றைக்கு ஏரியைச் சுற்றிக் காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்கள், வல்லூர் அனல்மின் நிலையம், கும்மிடிப்பூண்டி சிப்காட், எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்ரீசிட்டி, ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா. இறால் வாங்குகிறவர், இயந்திரம் பழுது பார்க்க வரும் பொறியாளர், ஏரியின் உப்புத்தன்மையை அளக்க வரும் ஆய்வாளர் என்று ஆள் வந்தபடி இருக்கிறார்கள். ஆனால், மீனவக் குப்பங்களின் கரையில், ஒரே பெயரில் பல ஊர்களில் நடக்கும் சங்கிலி ஓட்டல் எதுவும் இல்லை. எங்கே தங்கினாலும் பயணம் செய்துதான் தோணிரேவுக்கு வர வேண்டும்.

சங்கிலி ஓட்டல்களில் பெயர்பெற்ற ஒன்று, ஒரு பில் தகராறிலிருந்து பிறந்ததுதான். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரைச் சேர்ந்த கெம்மன்ஸ் வில்சன், 1951-இல் மனைவியோடும் ஐந்து குழந்தைகளோடும் வாஷிங்டனுக்குக் காரில் போனார். வழியில் தங்கிய இடங்களில் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு டாலர் கூடுதலாகக் கேட்டார்கள். ஊர் திரும்பியவர் அடுத்த ஆண்டே முதல் ஹாலிடே இன் ஓட்டலைத் திறந்தார். அதில் பெற்றோருடன் தங்கும் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. எந்த ஊரில் இறங்கினாலும் அதே அளவு கட்டில், அதே சுத்தம், முன்கூட்டியே தெரிந்த கட்டணம் என்பதுதான் அவர் விற்ற சரக்கு. நம்மூரில் அதற்கு நெருக்கமான முயற்சி டாடா குழுமத்தினுடையது. மேலாண்மை அறிஞர் சி.கே. பிரகலாத்தின் யோசனையைத் துணைக்கொண்டு, 2004-இல் பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் இண்டிஒன் என்ற ஓட்டலைத் தொடங்கினார்கள். அதுதான் பின்னர் ஜிஞ்சர் ஆனது. ஆடம்பரத்தைக் கழித்துவிட்டு, நல்ல தூக்கத்துக்கும் மறுநாள் வேலைக்கும் தேவையானதை மட்டும் தருவது என்பது அதன் கணக்கு.

இங்கே வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பலகையில் ஒரே பெயர் இருந்தாலும், பலகைக்குப் பின்னால் மூன்று விதமான ஏற்பாடுகள் இருக்கலாம். பிராண்டு நிறுவனமே ஓட்டலை நடத்தலாம். கட்டடம் ஒருவருடையதாகவும் பெயரும் விதிமுறையும் இன்னொருவருடையதாகவும் இருக்கலாம். ஸ்ரீபெரும்புதூரில் உள்ள ஃபேர்ஃபீல்டு பை மேரியட் ஓட்டலின் உரிமையாளர் சம்ஹி என்ற நிறுவனம், பெயர் மேரியட்டுடையது. இதில் பிராண்டின் கண்காணிப்பு கறாராக இருக்கும் என்பதால் தங்குகிறவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. மூன்றாவது விதம், ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் லாட்ஜுக்குப் புதிய பலகை மாட்டி, புக்கிங்கை மட்டும் செயலி வழியாகத் திரட்டித் தருவது. 2013-இல் தொடங்கிய ஓயோ இந்த வழியில்தான் வளர்ந்தது. இப்படிப்பட்ட இடங்களில் நல்லவை நிறைய உண்டு. ஆனால், ஒரு ஊரில் நன்றாக இருந்தது என்பதற்காக அதே பெயரை அடுத்த ஊரில் நம்பிவிட முடியாது. அந்தந்த லாட்ஜைப் பற்றிச் சமீபத்தில் தங்கியவர்கள் சொன்னதைத் தனியாகப் பார்த்தாக வேண்டும்.

அடுத்தது தூரம். சென்னை விமான நிலையத்திலிருந்து பழவேற்காடு ஏறத்தாழ 75 கிலோமீட்டர். கார் வாடகை கிலோமீட்டருக்கு 15 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், போய்வர 2,250 ரூபாய். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தங்கினால் ஒரு வழி 35 கிலோமீட்டர் என்று கொள்வோம், போய்வர 1,050. ஒரு நாளைக்கே 1,200 ரூபாய் வித்தியாசம். விமான நிலையத்து அறை 800 ரூபாய் மலிவாகக் கிடைத்தாலும் நஷ்டம்தான். சென்ட்ரல் பக்கம் தங்குகிறவருக்கு இன்னொரு வழி உண்டு. கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரி வரை வந்து, அங்கிருந்து பஸ்ஸிலோ ஆட்டோவிலோ பழவேற்காடு. பகல் வேலைக்கு வருகிறவருக்கு இதைவிடச் சிக்கனம் கிடையாது. விடியற்கால ஏலத்துக்கு ரயிலை நம்ப முடியாது.

வரைபடத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்களும் உண்டு. ஆந்திரத்துச் சூலூர்ப்பேட்டையும் பழவேற்காடும் ஒரே ஏரியை ஒட்டியவை, பக்கத்தில்தான் இருக்கும் என்று தோன்றும். ஆனால் நடுவில் கிடப்பது தண்ணீர். பொன்னேரி வழியாக வந்து, தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்து, ஏரியைச் சுற்றித்தான் போக வேண்டும். ஓட்டல் தளங்கள் காட்டும் நேர்கோட்டுத் தூரம் பறவைக்குப் பொருந்தும், காருக்குப் பொருந்தாது.

எல்லையைத் தாண்டித் தங்குவதில் இன்னொரு செலவு ஒளிந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு மேல் 18 சதவீதம். நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்துப் பில் வாங்கினால், அறைக்குக் கட்டிய வரியை நிறுவனம் தன் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆனால், ஓட்டல் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்து வரிதான் பில்லில் ஏறும். தமிழ்நாட்டில் மட்டும் பதிவு செய்த நிறுவனத்தின் ஊழியர், எல்லையில் உள்ள ஆரம்பாக்கத்தைத் தாண்டி ஆந்திரத்துத் தடாவிலோ ஸ்ரீசிட்டியிலோ தங்கினால், அந்த வரி திரும்ப வராது. 5 சதவீத அறையில் இது சிறு தொகை. மாதம் பத்துப் பேரை அனுப்பும் நிறுவனத்துக்கு, அதுவும் 18 சதவீத அறையில், சிறு தொகை அல்ல.

சாப்பாட்டுப் பில்லையும் பார்க்க வேண்டும். முந்தைய நிதியாண்டில் ஏதாவது ஓர் அறையை நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் விட்டிருந்தால், அந்த ஓட்டலுக்குள் இருக்கும் உணவகத்தில் வரி 18 சதவீதம். எதிர்ச் சாரியில் இருக்கும் சாதாரண உணவகத்தில் அதே தோசைக்கு 5 சதவீதம். அறைக்கான வரியைப்போல் சாப்பாட்டு வரியைப் பொதுவாகக் கழித்துக்கொள்ளவும் முடியாது. சேவைக் கட்டணம் என்று ஒரு தொகை பில்லில் இருந்தால், அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் விதித்ததையும், டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்ததையும் தயங்காமல் சொல்லலாம்.

'காலை டிபன் சேர்த்து' என்ற வார்த்தையில் மயங்குகிறவர்கள் அதிகம். பெரும்பாலான ஓட்டல்களில் டிபன் ஏழு மணிக்குத்தான் திறக்கும். ஏரிக்கரையில் அந்த நேரத்துக்கு ஏலம் முடிந்து, ஐஸ் பெட்டி வண்டியில் ஏறியிருக்கும். அதனால் புக் செய்வதற்கு முன் செயலியை மூடிவிட்டு, ஓட்டலுக்கே நேராக ஒரு போன் போடுவது நல்லது. பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"தம்பி, காலையில நாலரைக்கெல்லாம் கிளம்பிடுவேன். டிபனைக் கட்டிக் குடுப்பீங்களா?"

"நைட்டே சொல்லிட்டீங்கன்னா பிரெட், முட்டை, பழம் பாக்ஸ்ல வெச்சுத் தந்துடுவோம் மேடம்."

"டிபன் வேண்டாம்னா ரேட் எவ்வளவு குறையும்?"

"முந்நூறு குறையும் மேடம்."

"கம்பெனி பேர்ல ஜிஎஸ்டி பில் கிடைக்கும்ல? ரூம் ரோட்டுப் பக்கமா, உள்பக்கமா?"

கடைசிக் கேள்வி சின்னதல்ல. நெடுஞ்சாலையை ஒட்டிய ஓட்டலில் இரவு முழுக்கக் கன்டெய்னர் லாரி ஓடும். ஒரே வாடகைதான், ஆனால் உள்பக்க அறையில் தூங்கலாம். நேரடியாகப் பேசும்போது, மாதத்துக்கு எத்தனை இரவு தங்குவீர்கள் என்று சொல்லி, நிறுவனச் சலுகை வாடகை கேட்பதும் நல்லது. பெரிய நிறுவனத்துக்குத்தான் அது கிடைக்கும் என்று நினைத்துச் சின்ன நிறுவனங்கள் கேட்பதே இல்லை.

வாடகை நாளுக்கு நாள் மாறுவது பலருக்கு எரிச்சலூட்டுகிறது. மீன் ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. வரத்து ஒன்றுதான், வாங்க வந்தவர் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து விலை ஏறும், இறங்கும். அறையும் அன்றைக்கு விற்காவிட்டால் வீணாகும் சரக்குதான். தொழில் பயணிகள் தங்கும் ஓட்டல்களில் திங்கள் முதல் வியாழன் வரை கூட்டம். வெள்ளி, சனியில் தளரும். ஏரிப் பக்கத்துக்கென்று தனிக் கணக்கும் உண்டு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவும் நாளில் பழவேற்காட்டு மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்பார்கள். அதே நாளில் சூலூர்ப்பேட்டையில் அறைக்குப் போட்டி இருக்கும். பூநாரைத் திருவிழா நடக்கும் ஜனவரி நாட்களும் அப்படித்தான். கொள்முதலுக்கு வருகிறவர் தேதியை உறுதி செய்யுமுன் இவற்றைப் பார்த்துக்கொண்டால் பணமும் மிஞ்சும், வெறுங்கையோடு திரும்பும் அலைச்சலும் இருக்காது.

பணம் திரும்பி வராது என்ற நிபந்தனையுடன் கிடைக்கும் மலிவு வாடகையை, ஐப்பசி முதல் மார்கழி வரை இந்தக் கரைக்கு வருகிறவர்கள் தொடாமல் இருப்பது நல்லது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. அந்த மாதங்களில் ரத்து செய்யும் உரிமைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் இருநூறு, முந்நூறு ரூபாய் வீண் செலவல்ல.

இதுவரை சொன்னது தோணிரேவுக்கு வருகிறவர்களின் கணக்கு. அங்கிருந்து வெளியே போகிறவர்களும் இருக்கிறார்கள். பயிற்சி, கண்காட்சி என்று சென்னைக்கும் கொச்சிக்கும் போகும் மீனவப் பெண்களுக்கு ஓட்டல் தேர்வு இன்னும் முக்கியமான விஷயம். இரவு பத்து மணிக்கு ரயில் தாமதமாகி வந்து சேர்ந்தாலும் ரிசப்ஷனில் ஆள் இருக்க வேண்டும், கதவின் உள்தாழ்ப்பாள் சரியாக இருக்க வேண்டும், புக் செய்த அறை இல்லை என்று கைவிரிக்கக் கூடாது. நல்ல சங்கிலி ஓட்டலின் பெயருக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்துக்கு முழு மதிப்பும் கிடைப்பது இங்கேதான். மூன்று பேர் சேர்ந்து போனால் ஓர் அறையில் மூன்றாவது ஆளுக்கு எவ்வளவு, தனிக் கட்டில் போடுவார்களா, தரையில் மெத்தையா என்று முன்கூட்டியே கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வில்சன் குடும்பத்திடம் 1951-இல் கேட்ட அந்த இரண்டு டாலரை, வேறு பெயரில், இன்றும் ரிசப்ஷனில் கேட்கிறார்கள்.