சேஸ் இல்லாத காருக்கு ஜாக்கி

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறும் கொண்டை ஊசி வளைவில் பஞ்சரானால், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புக்குப் பெரிய கவலையில்லை. அடியில் கெட்டியான இரும்புச் சேஸ் ஓடுகிறது. பழைய அம்பாசிடரின் அடியில் குனிந்து பாருங்கள், சேஸே கிடையாது! தரை, பக்கம், கூரை எல்லாவற்றையும் பற்றவைத்த தகட்டுக் கூடுதான் அதற்கு எலும்பு, தோல் இரண்டும். இந்த ‘ஒற்றைக்கூடு’ அமைப்பை 1922-லேயே இத்தாலியின் லான்சியா லாம்ப்டா காட்டிவிட்டது. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியாக அது மேற்குவங்கத்து உத்தர்பாராவுக்கு வந்து, 2014 வரை அம்பாசிடராக வெளிவந்தது.

தகட்டின் கனம் சுமார் ஒரு மில்லிமீட்டர். அது எப்படி 1,100 கிலோ வண்டியைத் தாங்குகிறது? தீப்பெட்டியின் மேலுறையை முறுக்கினால் முரண்டு பிடிக்கும். ஒரு விளிம்பை பிளேடால் கீறிவிட்டு முறுக்கினால் துவண்டுவிடும். மூடிய பெட்டி வடிவத்தில்தான் பலம் ஒளிந்திருக்கிறது. கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் விளிம்பும் அப்படி ஒரு பெட்டிதான்.

முறுக்கலைத் தாங்கும் தகடு குத்தலைத் தாங்காது. ஒரு பின்சக்கரத்தைத் தூக்கும்போது ஜாக்கி மேல் சுமார் 300 கிலோ இறங்கும். ஜாக்கித் தலை மூன்று செ.மீ. அகலம் என்றால், அழுத்தம் டயர் காற்றைப்போல 20 மடங்கு! தரைத்தகட்டில் வைத்தால் உள்ளே போய்விடும். பட்டை ஸ்பிரிங் உட்காரும் இடத்தை ஒட்டி, ஆக்ஸிலுக்கு அடியில் கொடுப்பதே சரி.

இனிதான் மலையின் வேலை. 15 அடிக்கு ஓரடி இறங்கும் சரிவில், வண்டியைக் கீழே இழுக்கும் விசை சுமார் 70 கிலோ. ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். அவற்றில் ஒன்று இப்போது அந்தரத்தில். கியர் போட்டிருக்கிறதே என்பீர்கள். அங்கேதான் டிஃபரன்ஷியல் விளையாடுகிறது. வளைவில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் அருமையான பல்சக்கரத் தொகுதி அது. ஹேண்ட்பிரேக் பிடிக்காமல் கியரை மட்டும் நம்பினால், தூக்கிய சக்கரம் ஒரு திசையில் சுழல, தரையிலுள்ளது எதிர்த்திசையில் உருளும். கியர் போட்டும் வண்டி நகரும்! ஓட்டுநர்கள் முன்சக்கரங்களுக்குச் சரிவுப் பக்கம் கல் கொடுத்துவிட்டு ஜாக்கியைத் தொடுவது வெறும் பழக்கமல்ல, கணக்கு.

ஆயில் ஜாக்கிக்குள் பாரம் இறங்காமல் எண்ணெயை அடைத்து நிற்பது மிளகளவு எஃகுக் குண்டு ஒன்றுதான். அதை நம்பி அடியில் படுக்கவே கூடாது, ஸ்டாண்டு வேண்டும்.

பழைய வண்டி வாங்குபவர்களுக்கு இதில் ஓர் உபரி லாபமும் உண்டு. ஒரு மூலையைத் தூக்கிவைத்துக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு இடித்தால், கூடு முறுக்கிக்கொள்கிறது, கீழ்ப்பெட்டியைத் துரு தின்றிருக்கலாம். பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.