ரெஸ்யூமேல எழுதினதை எல்லாம் கேப்பாங்க

ஏழாவது செமஸ்டர் வந்தாச்சுன்னா ஹாஸ்டல்ல ஒரு காட்சி தவறாம நடக்கும். ஒருத்தனோட ஷர்ட்டு, இன்னொருத்தனோட ஷூ, மூணாவது ஆளோட பெல்ட்டுன்னு மாட்டிக்கிட்டு காலையில எட்டு மணிக்கு ப்ளேஸ்மென்ட் செல்லுக்கு ஓடுவாங்க. நானும் அப்படி ஓடினவன்தான். என்கிட்ட இன்னொரு கடனும் இருந்தது: ரெஸ்யூமேல இருந்த ப்ராஜெக்ட்.

மண்ணோட ஈரத்தைப் பார்த்து தானா மோட்டாரை ஆன் பண்ற சிஸ்டம். ஆர்டுயினோ ஊனோ, ஒரு சென்சார், ஒரு ரிலே. இசிஇ படிக்கிற எல்லாரும் ஒரு தடவையாவது செஞ்சிருப்பீங்க. மூணு பேர் டீம்ல நான் ஒயரிங் பண்ணேன், ரிப்போர்ட் அடிச்சேன். கோடு முழுக்க நண்பன் எழுதினது. ஆனா ரெஸ்யூமேல மூணு பேரும் ஒரே வரியைத்தான் போட்டிருந்தோம்.

முதல் கம்பெனி. ஆப்டிட்யூட் தாண்டியாச்சு. டெக்னிக்கல் ரவுண்டுல சார் அமைதியா கேட்டார், "சென்சார்ல இருந்து என்ன வேல்யூ வரும்?" 0-ல இருந்து 1023 வரைக்கும்னு சொன்னேன். "ஏன் 1023?" அவ்வளவுதான், வாய் ஒட்டிக்கிச்சு. பத்து நிமிஷத்துல வெளிய வந்துட்டேன்.

பதில் ரொம்பச் சின்னது. ஊனோவில இருக்கிற ஏடிசி 10 பிட். இரண்டின் அடுக்கு பத்து 1024, அதனால 0-ல ஆரம்பிச்சு 1023 வரைக்கும் படிகள். 5 வோல்ட்டை 1024-ஆல வகுத்தா ஒரு படிக்கு சுமார் 4.9 மில்லிவோல்ட். இதே ஏடிசியை செமஸ்டர் பரிட்சையில 13 மார்க்குக்கு எழுதினவன் நான். பேப்பர்ல எழுதினதும் போர்டுல ஓடுறதும் ஒரே விஷயம்னு என் மண்டையில சேரவே இல்ல.

அன்னைக்கு ராத்திரி அந்த ப்ராஜெக்டை எடுத்து மொதல்ல இருந்து நானே கட்டினேன். கோடை வரி வரியா டைப் பண்ணேன், காப்பி பேஸ்ட் இல்லாம. அப்புறம் மூணு கேள்விக்கு நோட்டுல பதில் எழுதினேன். இந்தப் பார்ட் எதுக்கு, வேற போட்டா என்ன ஆகும்? எது சொதப்பிச்சு? திரும்ப செய்யச் சொன்னா எதை மாத்துவேன்? இரண்டாவது கேள்விதான் தங்கம். எங்க சென்சாரோட இரண்டு கம்பியும் சில வாரத்துல அரிச்சுப்போச்சு. ஈர மண்ணுல எப்பவும் கரண்ட் ஓடிக்கிட்டே இருந்தா அப்படித்தான் ஆகும். ரீடிங் எடுக்கிற நேரம் மட்டும் ஒரு டிஜிட்டல் பின் வழியா பவர் கொடுத்தா ரொம்ப நாள் தாங்கும். அடுத்த இன்டர்வியூல இதைத்தான் சொன்னேன். கேட்டவங்க நிமிர்ந்து உக்காந்தாங்க. சக்சஸா ஓடுச்சுன்னு சொல்றதைவிட, இப்படி சொதப்பிச்சு இப்படி சரி பண்ணேன்னு சொல்றதுல நம்ம கை பட்டது தெரியுது.

அதனால ரெஸ்யூமே ஒரு பக்கம் போதும். பைத்தான் தெரியும்னு போட்டா லிஸ்ட்டுக்கும் டப்பிளுக்கும் என்ன வித்தியாசம்னு கேப்பாங்க. எஸ்க்யூஎல் போட்டா ஜாயின் எழுதச் சொல்லுவாங்க. இரண்டு நிமிஷம் பேச முடியாத வார்த்தையை தைரியமா அழிச்சிடுங்க. "ஹார்டு ஒர்க்கிங், டீம் பிளேயர்" இதெல்லாம் இடத்தை அடைக்கத்தான்.

ஆப்டிட்யூட் பத்தி நிறைய பேர் சொல்லிட்டாங்க, ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்றேன். பின்னத்துல மாட்டிக்காதீங்க. ஒரு வேலையை ஏ 12 நாள்ல, பி 18 நாள்ல முடிப்பாங்கன்னா, மொத்த வேலையை மீ.பொ.ம. 36 யூனிட்னு வச்சுக்கோங்க. ஏ ஒரு நாளைக்கு 3, பி 2. சேர்ந்தா 5. 36-ஐ 5-ஆல வகுத்தா 7.2 நாள். பைப், தண்ணித் தொட்டி கணக்கு எல்லாத்துக்கும் இதே வழிதான். டெய்லி இருபது கணக்கு, டைமர் வச்சு. கட்-ஆஃப்ல போறவங்க பல பேர் கணக்கு தெரியாம இல்ல, நேரம் பத்தாமத்தான் போறாங்க.

எலிஜிபிலிட்டியை மட்டும் முன்னாடியே பாருங்க. பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூணுலயும் 60 சதவீதம், கையில அரியர் இருக்கக்கூடாதுன்னு பல கம்பெனி கேக்குது. ஆறாவது செமஸ்டர்ல இதைப் படிக்கிறவங்க அரியரை முடிக்கிறதையே முதல் வேலையா வச்சுக்கோங்க. கோடிங் அப்புறம்.

பேசுறது. பள்ளிக்கூடம் முழுக்க இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச எனக்கே "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்"னதும் நாக்கு உலர்ந்துச்சு. தமிழ் மீடியத்துல இருந்து வந்தவங்க இதை உங்க குறைன்னு மட்டும் நினைக்காதீங்க. போன்ல ரெக்கார்டு பண்ணி கேட்டுப் பாருங்க. கேக்கவே கூச்சமாத்தான் இருக்கும். நாலாவது தடவை தேவலாம்.

ஆஃபர் வந்துட்டா ட்ரீட்டுக்கு முன்னாடி சிடிசியைப் பிரிச்சுப் பாருங்க. உதாரணத்துக்கு வருஷம் 4 லட்சம், அதுல பேசிக் 2 லட்சம்னு வைங்க. வேரியபிள் 30,000, கம்பெனி கட்டுற பிஎஃப் 12 சதவீதம் 24,000, கிராஜுவிட்டி 4.81 சதவீதம் 9,620, இன்சூரன்ஸ் 6,000. இது எதுவும் மாசாமாசம் கைக்கு வராது. மீதி 3,30,380, மாசம் சுமார் 27,500. அதுல நம்ம பங்கு பிஎஃப் 2,000, தொழில் வரி கொஞ்சம் போனா கையில 25,300 சொச்சம். 33,333 வரும்னு அம்மாகிட்ட சொல்லி லோன் இஎம்ஐ கணக்குப் போட்டுடாதீங்க. சர்வீஸ் அக்ரிமென்ட் எத்தனை வருஷம், நடுவுல விட்டா எவ்வளவு கட்டணும்னும் படிச்சுட்டு கையெழுத்துப் போடுங்க.

கேம்பஸ்ல கிடைக்கலையா? எங்க கிளாஸ்லயும் பாதிப் பேர் இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கோம். கோர் கம்பெனி ஆசை இருந்தா நாட்ஸ் போர்ட்டல்ல பதிவு பண்ணுங்க. அப்ரன்டிஸ் சட்டப்படி ஸ்டைபெண்டோட பயிற்சி, முடிச்சா சான்றிதழும் உண்டு. தென் மாநிலங்களுக்கான அலுவலகம் சென்னை தரமணியிலேயே இருக்கு. சீனியர்கிட்ட ரெஃபரல் கேக்கும்போது வெறும் "ஹாய் அண்ணா"வோட நிறுத்தாம, எந்த வேலை, அதோட ஜாப் ஐடி, ரெஸ்யூமே பிடிஎஃப் மூணையும் ஒரே மெசேஜ்ல அனுப்புங்க.

டெபாசிட், ட்ரெய்னிங் ஃபீஸ், லேப்டாப் சார்ஜ்னு எந்தப் பேர்ல பணம் கேட்டாலும் அந்த மெயிலை மூடிடுங்க. மெயில் ஐடியில அட்-க்கு அப்புறம் கம்பெனியோட சொந்த டொமைன் இருக்கான்னு பாருங்க. போன வருஷம் எங்க ஃப்ளோர்ல ஒருத்தன் 3,500 ரூபா கட்டினான். அடுத்த நாள் அந்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப். அவன் இதை வீட்டுல இன்னும் சொல்லல.