எந்த மணலுக்கு எழுதிய விவரக்குறிப்பு?

சென்ற வாரம் அளவுப்பட்டியலோடு நிறுத்தினோம். எவ்வளவு வேலை என்று பட்டியல் சொல்லிவிடும். அந்த வேலை எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வது விவரக்குறிப்பு, சைட் பேச்சில் ஸ்பெக். புது நிறுவனங்கள் பெரும்பாலும் டெண்டருக்கு முந்தைய இரவில்தான் இதைத் தொடுகின்றன. முன்பு வேலை பார்த்த அலுவலகத்துக் கோப்பு ஒன்று கையில் இருக்கும். திட்டத்தின் பெயரை மாற்றி அனுப்பிவிடுவார்கள்.

அதில் என்ன கேடு என்று காட்ட மணல் ஒன்றே போதும். பழைய கோப்புகளில் 'ஐ.எஸ். 383:1970' என்று இருக்கும். இயற்கை மூலங்களிலிருந்து பெறும் ஜல்லிக்கும் மணலுக்கும் உரியது என்று அந்தத் தரநிலையின் தலைப்பே சொல்கிறது. 2016 திருத்தம் இயற்கை அல்லாத மூலங்களிலிருந்து தயாரிக்கும் மணலையும் உள்ளே சேர்த்தது. தமிழ்நாட்டு சைட்டுகளில் இன்று பெரும்பாலும் இறங்குவது பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட். ஆற்று மணலில் 75 மைக்ரான் சல்லடையில் இறங்கும் நுண்தூள் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உடைத்த மணலுக்கு அதே வரம்பு 15 சதவீதம். ஆற்று மணலுக்கான அந்த 3 சதவீதம் கோப்பில் அப்படியே கிடந்தால், முறையாகத் தயாரித்த எம்-சாண்ட் லோடும் காகிதத்தில் தோற்றுப்போகும். சைட் இன்ஜினியர் வேறு வழியில்லாமல் அந்த வரியைக் கண்டுகொள்ளாமல் விடுவார். ஒரு வரியை விட்டுப் பழகியவர் அடுத்த வரியையும் விடுவார். பிறகு கிரஷர் தூளையே எம்-சாண்ட் என்று கொண்டுவந்தால், எதைக் காட்டி லாரியைத் திருப்பி அனுப்புவது? எனக்கு இதில் ஆற்றாமை உண்டு. யாரோ ஒருவருடைய வாழ்நாள் சேமிப்பு அந்தக் கான்கிரீட்டில்தான் போகிறது.

அதற்காக எல்லாவற்றையும் நீங்களே எழுத வேண்டியதில்லை. மத்தியப் பொதுப்பணித் துறையின் 2019 விவரக்குறிப்புகள், இரண்டு தொகுதிகள், அத்துறையின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தளத்தில் பதிவு செய்துகொண்டால் ஐ.எஸ். தரநிலைகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இவற்றை ஆண்டோடு குறிப்பிட்டு அடிப்படையாக வைத்துக்கொண்டு, உங்கள் மனைக்கு எது மாறுகிறதோ அதை மட்டும் சிறப்பு விவரக்குறிப்பாக எழுதுங்கள். கடலோரக் காற்று படும் கட்டடத்தை ஐ.எஸ். 456:2000 கடுமையான சூழலில் சேர்க்கிறது: எம்30க்குக் குறையாத கான்கிரீட், 0.45ஐத் தாண்டாத நீர்-சிமென்ட் விகிதம், கம்பிக்கு 45 மி.மீ. கவர். கரூருக்கு எழுதிய பக்கத்தை நாகப்பட்டினத்துக்கு அனுப்ப முடியாது.

எழுதும்போது, சோதித்துப் பார்க்க முடியாத சொல்லை வெட்டுங்கள். 'போதுமான அளவு கியூரிங்' என்றால் காண்ட்ராக்டருக்கு ஒரு கணக்கு, உங்களுக்கு ஒரு கணக்கு. சாதாரண ஓபிசி சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், ஃபிளை ஆஷ் கலந்த பிபிசிக்குக் குறைந்தது 10 நாள், அதை 14 வரை நீட்டுவது நல்லது என்கிறது 456. சித்திரை வெயிலில் பிபிசி போட்டால் 14 என்றே எழுதுவேன். தண்ணீர் யார் செலவு என்பதும் அதே பத்தியில் இருக்கட்டும். ஏழாம் நாள் கியூரிங் நின்றுபோவதற்குப் பல சைட்டுகளில் அதுதான் காரணம்.

இன்னொன்று, ஆவணங்கள் ஒன்றோடொன்று முரண்பட்டால் எது செல்லும் என்பது. மத்தியப் பொதுப்பணித் துறை ஒப்பந்தங்களில் அளவுப்பட்டியலின் வாசகம் முதலில் நிற்கிறது. பிறகு சிறப்பு விவரக்குறிப்பும் சிறப்பு நிபந்தனைகளும், வரைபடம், துறையின் பொது விவரக்குறிப்பு, கடைசியாக ஐ.எஸ். வரைபடத்தில் எம்30, பட்டியலில் எம்25 என்று வந்துவிட்டால், அந்த வரிசைப்படி செல்லுபடியாவது 25. டிசைனர் 30க்குக் கணக்குப் போட்டிருந்தாலும் அதுதான். இந்த வரிசையையே நீங்களும் எடுத்துக்கொள்வதானால், பட்டியல் எழுதுகிறவரும் ஸ்பெக் எழுதுகிறவரும் வரைபடத்தை நடுவில் விரித்துவைத்து ஒவ்வொரு கிரேடாக ஒப்பிட்டுக் கையெழுத்திட்ட பிறகே டெண்டர் வெளியே போக வேண்டும்.

(தொடரும்)