ராக்கெட்டுக்கும் ஈயம் பூசுவார்களா?

பழவேற்காட்டு ஏரியைச் சுற்றியுள்ள மீனவர் குப்பங்களில் சில நாட்கள் கடலுக்குப் படகு போகாது. "இன்று ராக்கெட் விடுகிறார்கள், போகவேண்டாம்" என்று அறிவிப்பு வந்துவிடும். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்துதானே நமது ராக்கெட்டுகள் கிளம்புகின்றன! அன்றைய மீன்பாடு போனால் அன்றைய வரும்படியும் போயிற்று. ஏழைகளின் பிழைப்பை நிறுத்தி வைத்து அனுப்பும் ராக்கெட், போன காரியத்தை முடிக்க வேண்டாமா? அது ஒரு மெல்லிய பூச்சையும் பொறுத்திருக்கிறது.

பூச்சின் அருமை நம் பெண்மணிகளுக்குத் தெரியாததல்ல. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறிவிடும். பூசிய பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் வைத்தாலோ, 232 டிகிரியில் ஈயம் உருகி ஓடிவிடும்!

பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நாலாவது அடுக்கில் இரண்டு எஞ்சின்கள். அவற்றின் அனல் கக்கும் கூம்புகளை நியோபியம் என்ற உலோகக் கலவையால் செய்தார்கள். நியோபியம் உருக 2,400 டிகிரிக்கு மேல் உஷ்ணம் வேண்டும். ஆனால் அதற்கு ஒரு சத்துரு உண்டு, அதுதான் பிராணவாயு. சில நூறு டிகிரி சூட்டிலேயே அது உலோகத்தை அரிக்க ஆரம்பித்துவிடும். எஞ்சின் கக்கும் வாயுக்களிலும் அந்த ஆபத்து இருக்கிறது. அதனால் இத்தகைய கலவைகளுக்குச் சிலிக்கன் சேர்ந்த பூச்சுக் கொடுப்பது வழக்கம். சூடேறியதும் பூச்சின் மேல் கண்ணாடி போன்ற ஏடு படர்ந்து, உள்ளே பிராணவாயு புகாமல் காக்கிறது. ஏரிக்கரை மணலில் இருக்கிறதே, அதே சிலிக்கன்தான்!

இப்போது உலோகத்துக்குப் பதில், கரி இழைகளால் ஆன கூம்பையே செய்துவிட்டார்கள் திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் நிலைய விஞ்ஞானிகள். எடையில் மூன்றில் இரண்டு பங்கு மிச்சம். ஆனால் கரி என்றால் எரிந்துவிடுமே? அதற்கும் சிலிக்கன் கார்பைடு பூச்சுத்தான் கவசம். 2024 ஏப்ரல் 2-ந் தேதி, திருநெல்வேலி ஜில்லா மகேந்திரகிரியில் 200 விநாடி எரித்துப் பார்த்தார்கள். உஷ்ணம் 943 டிகிரியை எட்டியும், கணக்குப் போட்டிருந்தபடியே கூம்பு தாக்குப் பிடித்தது. இதனால் ராக்கெட் இன்னும் 15 கிலோ கூடுதலாகச் சுமக்கலாம்.

குப்பத்து ஜனங்களுக்கு இதனால் என்ன லாபம்? 2022 நவம்பர் 26-ல் பி.எஸ்.எல்.வி. சுமந்து சென்ற 'ஓஷன்சாட்-3', கடலின் நிறத்தையும் வெப்பத்தையும் கவனிப்பதற்காகவே அனுப்பப்பட்டது. இத்தகைய தகவல்களைக் கொண்டுதான், மீன் கூடும் இடங்களை ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் நிலையம் மீனவர்களுக்கு அறிவிக்கிறது. பூச்சு நிலைத்து, ராக்கெட்டும் போய்ச் சேர்ந்தால், ஒரு நாள் கரையில் காத்திருந்தவர்களுக்கு வலை நிறையவும் வழி உண்டு!