குண்டூரில் தொடங்கிய சங்கம்

இந்தியக் கத்தோலிக்க சுகாதாரச் சங்கம், நாட்டின் கத்தோலிக்க மருத்துவமனைகளையும் மருந்தகங்களையும் ஒன்றிணைக்கும் தேசிய அமைப்பு. இன்று 3,500-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இதில் உறுப்பினர்களாக உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை கிராமப்புறச் சிறு நிலையங்கள். நடத்துபவர்களும் பெரும்பாலும் அருள்சகோதரிகளே. 1943 ஜூலை 29 அன்று ஆந்திராவின் குண்டூரில் இச்சங்கத்தைத் தொடங்கியவர்களும் 16 அருள்சகோதரிகள்தாம்.

மருத்துவத்துக்கும் கன்னியருக்கும் இடையே அதற்கு முன் ஒரு சுவர் இருந்தது. துறவியர் மருத்துவத் தொழில் செய்யத் திருச்சபைச் சட்டம் தடை விதித்திருந்தது. கன்னியர் பிரசவம் பார்ப்பது இன்னும் தகாததாகக் கருதப்பட்டது. இந்தியாவிலோ ஆண் மருத்துவரிடம் காட்டிக்கொள்ளக் கூசிப் பெண்கள் பலர் பிரசவத்திலேயே மடிந்தார்கள். பெண் மருத்துவர் மிக அவசியமாக இருந்த இடத்தில்தான் கன்னியரின் கைகள் கட்டப்பட்டிருந்தன. ராவல்பிண்டியில் பெண்களுக்கென மருத்துவமனை நிறுவிய ஸ்காட்லாந்து மருத்துவர் ஆக்னஸ் மெக்லாரன், இத்தடையை நீக்கும்படி ரோமிடம் திரும்பத் திரும்ப முறையிட்டார். பலன் காணாமலே 1913-இல் இறந்தார்.

அவரைப் பற்றிப் படித்து மனம் மாறியவர் மேரி கிளவ்ரி. 1887-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பிறந்து, மெல்போர்னில் கண் மருத்துவத்தில் பெயர் எடுத்துவந்தவர். 1920-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் குண்டூருக்கு வந்து, டச்சு நாட்டுத் துறவற சபையான இயேசு மரி சூசை சபையில் சேர்ந்தார். துறவியான பின்னும் மருத்துவம் பார்க்கத் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் அவருக்குத் தனி அனுமதி தந்தார். அது ஒருவருக்கான விலக்கு மட்டுமே. மறைபரப்பு நாடுகளில் கன்னியர் பிரசவம் உள்ளிட்ட மருத்துவப் பணிகளில் ஈடுபடலாம் என்ற பொது அனுமதி 1936-இல்தான் வந்தது. அதுவரை அவர் உள்ளூர்ப் பெண்களைச் செவிலியராகவும் மருத்துவச்சிகளாகவும் பயிற்றுவித்தார். ஒரு மருத்துவரால் எத்தனை கிராமங்களைத்தான் எட்ட முடியும்?

கிளவ்ரியின் முன்முயற்சியில் சங்கம் பிறந்தது இந்தக் கணக்கிலிருந்துதான். துறவற சபை ஒவ்வொன்றுக்கும் தனித் தலைமை, தனி ஒழுங்கு, தனி நிதி. ஒரு சபையின் மருந்தகம் என்ன செய்கிறது என்பது பக்கத்து ஊரில் இருக்கும் இன்னொரு சபைக்குத் தெரியாது. சபை எல்லைகளைத் தாண்டிப் பயிற்சி தரவும், அரசோடு ஒரே குரலில் பேசவும் ஒரு பொது அமைப்பு தேவைப்பட்டது. உறுப்பு நிறுவனங்களின் நிர்வாகத்தை அது எடுத்துக்கொள்ளவில்லை. அவை இன்றும் தத்தம் சபைகளிடமும் மறைமாவட்டங்களிடமுமே உள்ளன. சங்கம் வளர்ந்ததற்கு இந்த ஏற்பாடு முக்கியக் காரணம் எனலாம். தம் மருத்துவமனை கைவிட்டுப் போகும் என்றால் எந்தச் சபைத் தலைவி சேர்ந்திருப்பார்?

தொடக்கத்தில் மருத்துவமனைச் சங்கம் என்றே அதற்குப் பெயர். நோய் வந்தபின் சிகிச்சை தருவது மட்டும் போதாது, வறுமையும் குடிநீரும் ஊட்டச்சத்தும் மருத்துவத்தின் அக்கறைதான் என்ற எண்ணம் 1980-களில் வலுப்பெற்றது. பெயரிலும் ‘சுகாதாரம்’ பின்னர் இடம்பிடித்தது. டெல்லியில் இருந்த தலைமையகம் செகந்திராபாத்துக்கு மாறியது. காசநோய், எச்.ஐ.வி. பணிகளில் சங்கம் அரசுத் திட்டங்களோடு சேர்ந்து உழைத்தது. மருத்துவக் கன்னியருக்கென ஒரு தனி மன்றமும் அதன் குடையின்கீழ் உருவானது.

இத்தனைக்கும் பிறகு ஒரு முரண் உறுத்துகிறது. கன்னியர் தொடங்கி, கன்னியர் உழைப்பில் நிற்கும் இந்தச் சங்கத்தின் இயக்குநர் பொறுப்பில் நெடுங்காலம் பெரும்பாலும் குருக்களே இருந்திருக்கிறார்கள். பணியில் இருக்கும் பெண்களின் எண்ணிக்கைக்கு அது பொருந்தாத ஏற்பாடு.

கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி ஒன்று வேண்டும் என்பது கிளவ்ரியின் நெடுநாள் விருப்பம். 1957-இல் அவர் பெங்களூரில் காலமானார். ஆயர் பேரவை அதே நகரில் தொடங்கிய புனித யோவான் மருத்துவக் கல்லூரி 1963-இல் திறக்கப்பட்டது. அருள்சகோதரிகளுக்கென அங்கே இன்றும் இடங்கள் ஒதுக்கப்படுகின்றன.