செல்வப் பெற்றோரும் பிள்ளைத் தாபரிப்பும்

பிரிந்து வாழும் பெற்றோருள் பிள்ளையைத் தம்பால் வைத்திராதவர் அதன் தாபரிப்புக்கு எத்துணைப் பொருள் கொடுத்தல் வேண்டும் என்பதைப் பெரிய பிரித்தானியாவிற் பெரும்பாலும் ஒரு கணக்கே தீர்மானிக்கின்றது. 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த அக்கணக்கு 2012இல் இன்றைய வடிவு பெற்றது. கொடுப்போரின் வாராந்த மொத்த வருமானமே அதற்கு அடிப்படை. பிள்ளை ஒன்றாயின் முதல் 800 பவுணில் நூற்றுக்கு 12 வீதமும், அதன் மேற்பட்டதில் 9 வீதமும் கொள்ளப்படும். பிள்ளைகள் பலராயின் வீதம் உயரும். பிள்ளை கொடுப்போருடன் தங்கும் இரவுகள் மிகுமாயின் தொகை குறையும்.

ஆயின், இக்கணக்கு 3,000 பவுணோடு நின்றுவிடுகின்றது. முதல் 800க்கு 96, எஞ்சிய 2,200க்கு 198, ஆக 294 பவுண்; ஒரு பிள்ளைக்கு வாரமொன்றிற்கு இதுவே உச்சம். எனவே 3,000 பவுண் பெறுவோனும் 30,000 பவுண் பெறுவோனும் ஒரே தொகையே கொடுப்பர். எளியவனிடத்துச் சில்லறை வரை அளக்கும் கோல் செல்வன் வாயிலிற் குறுகிவிடுவது வியப்பே. எனினும், அதற்கொரு நியாயமும் உண்டு: உச்சத்தைக் கடந்தவற்றை எண்ணி அளத்தல் இயலாது, ஆராய்ந்தே அளத்தல் வேண்டும். ஆதலின் அப்பொறுப்பு நீதிமன்றுக்கு உரியதாயிற்று.

இங்கிலாந்தில் மணவாப் பெற்றோரின் பிள்ளைக்கு 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் முதலாம் அட்டவணையே துணை. பிள்ளைக்கு வேண்டுவது உணவும் உடையும் மட்டுமா, அன்றித் தந்தையின் வாழ்வுநிலையில் ஒரு பங்குமா என்பதே ஆங்கு எழும் வினா. 2003இல் மேன்முறையீட்டு நீதிமன்று தீர்த்த வழக்கொன்றிலே தந்தை பெருஞ் செல்வர். எத்தொகை விதிப்பினும் கொடுக்கவல்லர் என்பது ஒப்புக்கொள்ளப்பட்டமையால் அவர்தம் சொத்தின் விவரம் துருவப்படவில்லை. முதலில் வீடு, பின்னர் அதற்குரிய தளபாடம், அதன்பின் ஆண்டுச் செலவு என மன்று வரிசை வகுத்தது. வீட்டுக்குப் பத்து இலட்சம் பவுணும், ஆண்டுதோறும் 70,000 பவுணும் விதித்தது. மணவாத தாய் தனக்கெனத் தாபரிப்புக் கேட்டல் இயலாது. எனினும், பிள்ளையை வளர்ப்பவள் என்ற முறையில் அவள் செலவும் பிள்ளையின் தொகையுள் அடங்கும் என்றது. இது தக்கதே, தாய் வறுமையுற்றிருக்கப் பிள்ளை மட்டும் செழிப்புறுதல் யாங்ஙனம்?

2019இல் நீதிபதி மொஸ்ரின், ஆண்டுக்கு 650,000 பவுண் வரை பெறுவோர்க்கு அவ்வுச்ச எல்லையை நீக்கிப் பழைய வாய்பாட்டையே தொடக்கப் புள்ளியாகக் கொள்ளலாம் என்றார். அன்று அவர் வகுத்த அவ்வழியின்படி ஒரு பிள்ளைக்கு வாரம் 294 பவுண் 1,149 ஆக உயரக்கூடியதாயிருந்தது.

வீடோ பிள்ளைக்கும் தாய்க்கும் உரிமையாவதன்று. பிள்ளையின் கல்வி முடிந்ததும் அது பெரும்பாலும் தந்தையிடமே மீளும். அதுகாறும் அதில் வாழ்ந்த தாய் அன்று வேறிடம் தேடல் வேண்டும்.